விலை குறைவு... ஓசை பெரிது! மலிவு எலெக்ட்ரிக் கிட்டார் அதிசயங்கள் தெரியுமா?

"எனக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வேணும்" என்று பிள்ளை கேட்ட வீடுகளில் எல்லாம் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: விலை குறைந்ததை வாங்கினால் உருப்படியாக இருக்குமா? இருக்கும்! நன்றாகவே இருக்கும்! ராக் இசையின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் மலிவு கிட்டார்கள்தான் முழங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த அதிசயங்களையும், கடையில் நின்று நல்லதைப் பொறுக்கி எடுக்கும் வித்தையையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம், வாருங்கள்!

கிட்டார் வாசிக்கவே தெரியாதவர் கிட்டார் உலகத்தைப் புரட்டிப்போட்டது தெரியுமா?

லியோ ஃபெண்டர்! அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கடைசி வரை கிட்டார் வாசிக்க அவர் கற்றுக்கொள்ளவே இல்லை! அதுவரை நல்ல கிட்டார் என்றால், நெக் என்ற கழுத்துப் பகுதியை இழைத்து, உடலோடு பொருத்தி, பசை போட்டு ஒட்டும் நுணுக்கமான தச்சு வேலை. ஃபெண்டரோ ரேடியோ மெக்கானிக்கின் கண்ணோடு பார்த்தார். கெட்ட பாகத்தைக் கழற்றி வேறு மாட்ட முடிய வேண்டும்! திட மரப்பலகையில் உடல், நான்கே திருகாணிகளில் நெக்! 1950-ல் வந்த, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) இரண்டு கொண்ட அந்தக் கிட்டாருக்கு முதலில் பிராட்காஸ்டர் என்று பெயர். கிரெட்ச் நிறுவனத்தின் டிரம்ஸுக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்ததால், 1951-ல் அது டெலிகாஸ்டர் ஆனது. இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது!

இன்று கடையில் தொங்கும் குறைந்த விலைக் கிட்டார்களில் பெரும்பாலானவை இதே திருகாணி முறையில் தயாராகின்றன. இது காசுக்காகத் தரத்தைக் குறைத்த வேலை அல்ல. சுலபமாகச் செய்யவும், சுலபமாகப் பழுது பார்க்கவும் என்றே பிறந்த முறை!

லிப்ஸ்டிக் குழாய்க்குள் பிக்கப் இருந்தது தெரியுமா?

நிஜமான லிப்ஸ்டிக் குழாய்! நியூ ஜெர்சியில் டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தை நடத்திய நேதன் டேனியல், செலவைக் குறைப்பதில் மேதை. 1950-களில் அவர் செய்த கிட்டார்களுக்கு உள்ளே மரச்சட்டம். முன்னும் பின்னும் மேசனைட் என்ற, மரநாரை அழுத்திச் செய்த மலிவு அட்டைப்பலகை. காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைக்க உலோகக் கூடு வேண்டுமே? லிப்ஸ்டிக் குழாய் செய்பவர்களிடமே வாங்கிப் பொருத்திவிட்டார்! சியர்ஸ் கடைகளில் சில்வர்டோன் என்ற பெயரில் இவை விற்றன. 1962-ல் இன்னும் பெரிய ஆச்சரியம் வந்தது: கிட்டார் பெட்டியைத் திறந்தால், பெட்டிக்குள்ளேயே ஓசையைப் பெருக்கும் ஆம்ப்பும் ஸ்பீக்கரும்! கிட்டார், பெட்டி, ஆம்ப் மூன்றும் ஒரே விலையில்!

லெட் செப்பலின் ஜிம்மி பேஜ் மேடையில் 'காஷ்மீர்' பாடலுக்கு எடுத்துக்கொண்டது இந்த டேன்எலெக்ட்ரோவைத்தான்!

30 டாலர் கிட்டாருக்காக ஒருவர் நெருப்புக்குள் பாய்ந்தது தெரியுமா?

1949 குளிர்காலம். ஆர்கன்ஸாஸ் மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு நடன அரங்கம். குளிருக்காக மண்ணெண்ணெய் ஊற்றி எரியவிட்டிருந்த பீப்பாய், இரண்டு பேர் போட்ட சண்டையில் உருண்டது. அரங்கமே பற்றி எரிந்தது! வெளியே ஓடி வந்த இளைஞர் பி.பி. கிங், தன் 30 டாலர் கிட்டார் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி நெருப்புக்குள் நுழைந்து அதை மீட்டார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரிந்தது. அன்றிலிருந்து தன் கிட்டார்களுக்கு எல்லாம் அவர் வைத்த பெயர் லூசில்! ப்ளூஸ் இசையின் அரசர் உயிரைப் பணயம் வைத்தது 30 டாலருக்கு வாங்கிய ஒன்றுக்காக!

மாணவர்களுக்கென்று செய்த கிட்டார் 35 கோடி ரூபாய்க்குப் போனது தெரியுமா?

1964-ல் ஃபெண்டர் நிறுவனம் மஸ்டாங் என்ற கிட்டாரைக் கொண்டுவந்தது. கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கான குறைந்த விலை ரகம்! நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அதை விரும்பி வாசித்தார். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாடலின் வீடியோவில் அவர் கையில் இருக்கும் 1969-ம் வருட நீல மஸ்டாங், 2022 மே மாத ஏலத்தில் 45 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35 கோடி ரூபாய்!

இன்னும் கேளுங்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார், 1959-ல் அப்பா வாங்கித் தந்த சாதாரண சுப்ரோ ஓசார்க்! பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிட்டாரில்தான் பீட்டில்ஸின் ஆரம்பப் பாடல்கள் பிறந்தன. 1972-ல் திருடுபோன அந்தக் கிட்டார், அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்துவிட்டதாக 2024-ல் அறிவித்தார்கள்!

கணப்பு அடுப்பின் சட்டத்தில் செய்த கிட்டார் அரண்மனைக் கூரை ஏறியது தெரியுமா?

லண்டன் பள்ளி மாணவன் பிரையன் மே. கடையில் கிட்டார் வாங்கக் காசில்லை. 1963-ல் தந்தை ஹரால்டும் மகனும் சேர்ந்து தாங்களே செய்ய இறங்கினார்கள். நெக்? நூறு வருடம் தாண்டிய பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம்! பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். சுருதியை அசைக்கும் ட்ரெமோலோவுக்கு? பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்! விரல் அழுத்தும் ஃபிரெட் போர்டில் இருக்கும் புள்ளிகள்? அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பி பொத்தான்! மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டு. ரெட் ஸ்பெஷல் என்ற அந்தக் கிட்டாரைத்தான் குயின் குழுவில் ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறார். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரை மேல் நின்று வாசித்ததும் அதையே!

அமெரிக்காவில் எடி வான் ஹேலன், தொழிற்சாலையில் கழித்துக்கட்டிய 50 டாலர் உடலையும் 80 டாலர் நெக்கையும் சேர்த்து, சைக்கிள் பெயின்ட் அடித்து உருவாக்கிய கிட்டார், 2019-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நின்றது!

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மரமே வேண்டாம், தெரியுமா?

1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் 'ஃப்ரையிங் பேன்' கிட்டார் முழுக்க வார்ப்பு அலுமினியம்! மடியில் கிடத்தி ஹவாய் இசை வாசிப்பதற்கென்று செய்தது அது. மரமே இல்லாமல் எப்படி ஒலித்தது? பிக்கப்பால்! இன்றைய பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுமார் 8000 சுற்று சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் குலுங்குகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்! நைலான் தந்தியை மாட்டினால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடுவது இதனால்தான்.

நாஷ்வில் கிட்டார் கலைஞர் ஜிம் லில், கிட்டார் உடலே இல்லாமல், இரண்டு மேசைகளுக்கு நடுவே தந்திகளை இழுத்துக் கட்டி, பிக்கப்பை வைத்து வாசித்துக் காட்டினார். டெலிகாஸ்டர் ஓசை அப்படியே வந்தது! ஆகவே "இது இன்ன மரம், அதனால் இரண்டாயிரம் கூட" என்று கடைக்காரர் சொன்னால், மரத்தை எடைக்காகவும் அழகுக்காகவும் பாருங்கள். ஓசையைப் பிக்கப்பிடமும் ஆம்ப்பிடமும் கேளுங்கள்!

கலிலியோவின் அப்பா உங்கள் ஃபிரெட்டுக்கு அளவு சொன்னார், தெரியுமா?

வானத்தை அளந்த கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி, வீணை குடும்பத்து லூட் வாத்தியக்காரர். நெக்கின் குறுக்கே நிற்கும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் மீதியுள்ள தந்தி நீளத்தில் 18-ல் ஒரு பங்கு தள்ளிப் பதிக்கலாம் என்று 1581-ல் எழுதினார். இன்றைய தொழிற்சாலைக் கணக்கு 17.817! எவ்வளவு நெருக்கம் பாருங்கள்!

இன்றைய கணக்குப்படி 12-ம் ஃபிரெட் தந்தியின் சரிபாதியில் நிற்கும். கடையில் இதை வைத்தே கிட்டாரைச் சோதித்துவிடலாம். 12-ம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மணியோசைபோன்ற ஹார்மானிக்கை எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். சுருதி காட்டும் டியூனரில் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி நின்றால், பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சாடிலை அதன் திருகால் பின்னால் நகர்த்தினால் சரியாகும். நகர்த்த இடமே இல்லாமல் சாடில் கடைசிவரை போயிருந்தால், அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!

ஆறு மெல்லிய தந்திகள் 38 கிலோ இழுவையைத் தாங்குகின்றன, தெரியுமா?

9 கேஜ் என்ற மெல்லிய தந்தி செட்டுக்கே இந்தக் கணக்கு! இவ்வளவு இழுவையில் நெக் வளையாமல் இருக்க, உள்ளே ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி ஓடுகிறது. 1920-களில் கிப்ஸன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. இன்று மலிவான கிட்டாரிலும் அது இருக்கிறது.

சோதிப்பது மிகச் சுலபம். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் தடித்த தந்தியை அழுத்திப் பிடியுங்கள். 7-ம் ஃபிரெட் பக்கம் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அருமை. கூடக்குறைய இருந்தால் ட்ரஸ் ராட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பக்கமிருந்து நெக் நெடுகப் பாருங்கள். வளைவு சரியாகும், முறுக்கு சரியாகாது! நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

விலை எங்கே குறைகிறது, தெரியுமா?

உடலையும் நெக்கையும் இப்போது கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரங்கள் செதுக்குகின்றன. விலையுயர்ந்த கிட்டாருக்கும் மலிவு கிட்டாருக்கும் ஏறக்குறைய ஒரே துல்லியம்! மனிதக் கை நேரம் கேட்கும் வேலைகளில்தான் காசு மிச்சமாகிறது. ஃபிரெட் நுனிகளை ராவி மழுக்குவது, எல்லா ஃபிரெட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது, நெக்கின் தலைப்பில் தந்தியைத் தாங்கும் நட்டில் பள்ளங்களைச் சீராக வெட்டுவது... இவை போன்ற வேலைகளில்!

அதனால் உங்கள் விரல்தான் சோதனைச் சாலை. நெக்கின் இரண்டு ஓரங்களிலும் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டுங்கள். ஃபிரெட் நுனி கீறுகிறதா? ஏ.சி. போட்ட வறண்ட கடையில் மரம் சுருங்கி, நுனி நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் என்றால் ராவிச் சரிசெய்யலாம். அடுத்து, பிளக் செருகாமலே ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். எங்காவது இரைகிறதா? எங்காவது ஓசை செத்துப்போகிறதா? ஒரு ஃபிரெட் கூட விடாதீர்கள்!

நம் கமகம் கிட்டாரைச் சோதிக்கும், தெரியுமா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையைப் பொழிந்து உலக மேடைகளில் புகழ்பெற்றவர்களில் ஒருவர் ஆர். பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர்! கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை அசைக்கும் வித்தைதான் ப்ளூஸ் கலைஞர்களுக்கும் உயிர். கடையில் 12-ம் ஃபிரெட்டுக்கு மேலே மெல்லிய தந்தியை ஒரு முழுச் சுரம் ஏறும்வரை இழுங்கள். பாதியில் ஓசை அறுந்துவிட்டால், தந்தி மிகத் தாழ்ந்திருக்கிறது அல்லது ஃபிரெட் மட்டம் கெட்டிருக்கிறது. இழுத்துவிட்டபின் சுருதி பிசகாமல் திரும்புகிறதா? பிசகினால், பெரும்பாலும் நட் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தால் போதும், கிராஃபைட் தந்தியை வழுக்கவைக்கும்!

உங்கள் கிட்டாரில் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கலாம், தெரியுமா?

உலகெங்கும் ஃபிரெட் போர்டுக்குப் பெயர்போன இந்திய ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை, நம் மலைகளில் வளரும் ஈட்டி மரம்தான்! தோதகத்தி என்றும் சொல்வோமே, அதே மரம்! 2017 ஜனவரியில், அழியும் நிலை உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கிட்டார் நிறுவனங்கள் மாற்று மரம் தேடி ஓடின. ஸ்க்வையர், எபிஃபோன் போன்ற மலிவு ரகக் கிட்டார்களில் இப்போது 'இந்தியன் லாரல்' என்று போட்டிருக்கிறதே, அது எது தெரியுமா? நம் கருமருது! முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தும், கருமருது கிட்டாரை விட்டுப் போகவில்லை. லாரல் என்று பார்த்து முகம் சுளிக்காதீர்கள். உறுதியான, நல்ல மரம்!

தந்தி விற்ற கடைக்காரரின் பெயர் மலிவு கிட்டாரின் பெயரானது தெரியுமா?

மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் ஊரில் 1890-ல் விக்டர் கேரல் ஸ்க்வையர் தொடங்கிய தந்தி நிறுவனத்தை 1965-ல் ஃபெண்டர் வாங்கியது. 1982-ல் அந்தப் பெயரில் ஜப்பானில் குறைந்த விலைக் கிட்டார்கள் வந்தன. மட்சுமோட்டோ நகரின் ஃபுஜிஜென் ஆலையில் செய்த அந்த 'ஜே.வி.' வரிசையை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்!

இன்று இந்தோனேசியாவில் கோர்டெக் ஆலை கோர்ட் என்ற சொந்தப் பெயரிலும், பி.ஆர்.எஸ். எஸ்.இ. போன்ற பெரிய பெயர்களுக்கும் கிட்டார் செய்கிறது. 1990-ல் வந்த யமஹா பசிஃபிகா வரிசை, முதல் கிட்டார் வாங்குவோருக்கு இன்றும் நம்பிக்கையான துணை. எந்த நாட்டில் செய்தது என்பதை வைத்து எடைபோடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கிட்டாரைப் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்றை வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்!

ஆம்ப்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்ததில் ஒரு புது ஓசை பிறந்தது தெரியுமா?

1964. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸுக்கு வயது 17. எல்பிகோ என்ற சின்ன மலிவு ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கிழித்தார்! அந்தக் கரகரப்பில் பதிவான 'யூ ரியலி காட் மீ' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது!

நீங்கள் ஸ்பீக்கரைக் கிழிக்க வேண்டாம். கையிலுள்ள பணத்தை எல்லாம் கிட்டாருக்கே கொட்டாமல், ஒரு பங்கை ஆம்ப்புக்கு ஒதுக்கினால் போதும். சுமாரான ஆம்ப்பில் விலையுயர்ந்த கிட்டார் வீண். நல்ல ஆம்ப்பில் மலிவு கிட்டார் பாடும்! ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கில் உள்ள எர்த் முள்ளை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். உங்கள் உடல் தந்தியையும், தந்தி எர்த்தையும் தொட்டுக்கொண்டே இருக்கிறது!

இரைச்சலை இரைச்சலால் அழிக்கலாம், தெரியுமா?

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் கேட்கும் 'உம்ம்ம்' ஓசை, நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல்! 1955-ல் கிப்ஸன் பொறியாளர் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத் துருவங்களையும் எதிரெதிராக அமைத்தார். இரைச்சலும் இரைச்சலும் மோதி அழிந்தன; தந்தியின் ஓசை மட்டும் கூடி நின்றது. அதுதான் ஹம்பக்கர்! ஆகவே ஒற்றைச் சுருள் கிட்டார் லேசாக இரைந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைய வேண்டும். தொட்டதும் கூடினால் வயரிங்கில் கோளாறு. குமிழ்களைத் திருப்புங்கள், ஸ்விட்சைத் தட்டுங்கள், ஜாக்கை லேசாக அசையுங்கள். கரகரத்தால் பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயே போதும்!

கடைசியாக ஒன்று... வாங்கிய பிறகும் கிட்டாரை இரண்டு மடங்கு நல்லதாக்கலாம், தெரியுமா?

அதற்குப் பெயர் செட்டப்! புதுச் சைக்கிளை வாங்கியதும் சீட்டையும் பிரேக்கையும் நம் அளவுக்குச் சரிசெய்துகொள்வதுபோல, அனுபவமுள்ள ஒருவரிடம் கிட்டாரைக் கொடுத்து நெக், ஆக்‌ஷன் (தந்தியின் உயரம்), சாடில், பிக்கப் உயரம் எல்லாவற்றையும் சரிசெய்து வாங்குங்கள். விரல் நோகிறதென்றால் 9 கேஜ் தந்தி போடுங்கள். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, மெல்லிய தந்திகளோடுதான் பிளாக் சபாத்தின் இடிமுழக்கத்தை எழுப்பினார்!

நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: பிக்கப்பை மாற்றலாம், தந்தி முறுக்கும் ஆணியை மாற்றலாம், நட்டை மாற்றலாம், குமிழை மாற்றலாம். நெக் நேராக இருக்கிறதா, ஃபிரெட்டுகள் மட்டமாக இருக்கின்றனவா, கையில் எடுத்ததும் கீழே வைக்க மனம் வராமல் இருக்கிறதா... இந்த மூன்றையும் மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், விலைச் சீட்டில் எவ்வளவு குறைந்த தொகை இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் வாசியுங்கள்!